பீச்சாங்கைப் பக்கம்

புத்தகத்தின் நாற்பத்தாறாம் பக்கத்தில் ஓர் ஊர் இருந்தது. ரொட்டிக்கடை, நகரசபைக் கட்டடம், ரயில் நிலையம், நடுவில் ஒரு நீரூற்று. நீரூற்றின் பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர். அவர் சொந்த ஊரிலேயே வழி தெரியாமல் நின்றுகொண்டு, ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று ஒரு சிறுமியைக் கேட்கிறார். ரயில் நிலையம் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஒன்பது வருஷமாக அந்த மனிதர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷமாக அக்பெனே அவருக்கு வழி சொல்லப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

அக்பெனே பாடம் நடத்தும் அவேட்டோவில் ரொட்டிக்கடை கிடையாது, ரயில் கிடையாது, நகரசபை என்றால் என்னவென்று தலைமையாசிரியருக்கே தெரியாது. தெரு என்று இருந்தது ஒன்றே ஒன்று. பலிமே டவுனிலிருந்து வரும் செம்மண் சாலை ஊருக்குள் நுழைந்து, சந்தை மரத்தைச் சுற்றிக்கொண்டு, கொக்கோத் தோப்புக்குள் போய்க் காணாமல் போய்விடும். "இரண்டாவது தெருவில் இடது பக்கம் திரும்பவும்!" என்று முதல் வகுப்புப் பிள்ளைகள் ஐம்பத்துநாலு பேரும் பிரெஞ்சில் தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்த இரண்டாவது தெருவைத் தேடி எந்தப் பிள்ளையும் இதுவரை போனதில்லை. புத்தகத்தை எழுதிய புண்ணியவானை ஒரு மழைக்காலத்தில் அவேட்டோவில் இறக்கிவிட்டு, ஊற்றுத் தண்ணீர் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னால் தேவலை என்று அக்பெனேக்கு அடிக்கடி தோன்றும்.

புத்தகத்துக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் இருந்தது. அவேட்டோவிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் வலது கைக்குப் பேரே சோற்றுக்கைதான். இடது கை கழுவுகிற கை. பெரியவர் ஒருவர் முன்னால் அதை நீட்டுவது காறித் துப்புவதற்குச் சமம். சோற்றுக்கையில் சுமையோ பிள்ளையோ இருந்து, வேறு வழியில்லாமல் நீட்ட நேர்ந்தால், "பீச்சாங்கைக்குப் பொறுத்துக்கணும்" என்று முதலில் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் "அதுவும் கைதானே" என்று பதில் சொல்வார். சொல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அதில் தொடங்கிய சண்டைகள் அந்த ஊரில் உண்டு. தும்மினவரை வாழ்த்துகிற மாதிரி, தூக்கத்தில் கேட்டால்கூட வாய் தானாகப் பதில் சொல்லிவிடும்.

முதல் வருஷம் அக்பெனே புத்தகத்தில் போட்டிருந்தபடியே இரண்டு கையையும் நீட்டி வழி சொல்லிக்கொடுத்தாள். அன்று மத்தியானமே ஆறு தாய்மார்கள் வந்தார்கள். இருவர் கையில் கிழங்கு இடிக்கிற உலக்கை இருந்தது. "எம் புள்ள அவன் அப்பன் மூஞ்சிக்கு நேரா பீச்சாங்கைய நீட்டி, 'கோஷ்'ங்கறான். இந்தக் கோஷுக்குத்தான் நாங்க பள்ளிக்கூடம் அனுப்புறமா?" என்றாள் ஒருத்தி. மறுநாளே அக்பெனே ஒரு வழி கண்டுபிடித்தாள். 'துருவாத்' என்றால் வலப்பக்கம், சோற்றுக்கையை நீட்டு. 'தூ துருவா' என்றால் நேரே, சோற்றுக்கையை மூக்குக்கு முன்னால் நீட்டு. 'கோஷ்' என்றால் இடப்பக்கம், அதே சோற்றுக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் இடது தோளில் பட்டென்று அடி. உலக்கைகள் அதன் பிறகு வரவில்லை.

அவள் சொந்தமாகச் செய்தது இன்னொன்றும் உண்டு. மத்தி மீன் பெட்டியின் பலகையில் துளை போட்டுக் கயிறு கோத்து, 'கழுதை' என்று பிரெஞ்சில் எழுதி வைத்திருந்தாள். வகுப்பில் வீட்டுப் பாஷை பேசுகிறவர் கழுத்தில் அது ஏறும். இன்னொருவர் பேசுவதைக் கேட்டுப் பிடித்துக் கொடுத்தால்தான் இறங்கும். அந்த நாட்டில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற வழக்கம்தான். இருந்தாலும் அவள் பலகை மற்றவர்கள் பலகையைவிடக் கனம்.

ஒன்பதாம் வருஷ முடிவில் ஒரு நாள். மறுநாள் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. ஒன்பது வருஷமாகத் தற்காலிக ஆசிரியையாக இருப்பவளை நிரந்தரம் ஆக்கலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று அவர் ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டு எழுதுவார். பாடம் நாற்பத்தாறாம் பக்கம்.

சாயங்காலம் அவள் முற்றத்தில் மரவள்ளி வறுத்துக்கொண்டிருந்தாள். துருவிப் பிழிந்த கிழங்கு அகன்ற ஓட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சுரைக்குடுக்கைச் சில்லால் நிறுத்தாமல் கிளற வேண்டும். கை ஒரு நொடி நின்றாலும் அடிப்பிடிக்கும். முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். சம்பளம் வராத மாதங்களில் குடும்பத்தை ஓட்டியது இந்த ஓடுதான். அதனாலேயே அவளுக்கு அதைக் கண்டால் ஆகாது. அவள் புருஷன் ஸெலோம் வாடகை மோட்டார் சைக்கிளைக் கழுவியபடி பேச்சுக்கு இழுத்தான்.

"நாளைக்கு வர்றவரு எந்த ஊருக்காரராம்?"

"தலைநகரம். பாரீஸ்ல ரெண்டு வருஷம் படிச்சவராம்."

"அப்ப நிச்சயமா வழி தெரியாம நீரூத்துப் பக்கத்துல நின்னுக்கிட்டிருப்பாரு. ஐம்பத்துநாலு பேரையும் ரோட்டோரமா நிறுத்தி வை."

"வாயை மூடிட்டு வண்டியக் கழுவு."

"எஸினாம் அம்மா, நான் பதினோரு வருஷமா வண்டி ஓட்டுறேன். ஒருத்தனாவது ரெண்டாவது தெரு, இடது பக்கம்னு சொல்லியிருக்கானா? 'இலவ மரம் விழுந்து கெடக்குல்ல, அதத் தாண்டி, டோவி வடை சுடுற வாசனை எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் திரும்பு.' இவ்வளவுதான். போய்ச் சேர்ந்துடுவேன்."

"டோவி வடை சுடாத அன்னைக்கு?"

"அன்னைக்கு எவன் அங்க போவான்?"

அக்பெனேக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "நாலாம் வகுப்போட ஓடிப்போனவனுக்கு வழியப் பத்தி என்ன தெரியும்" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பினாள். சோளக் களியும் கீரைக் குழம்பும் வைத்திருந்த தட்டில், அவள் மகள் எஸினாம் இடது கையால் களியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அக்பெனே ஒரே எட்டில் போய் அந்தக் கையில் ஓர் அடி வைத்தாள். களி புழுதியில் விழுந்தது.

"எத்தன தடவ சொல்றது? எந்தக் கை? எந்தக் கைடீ?"

ஆறு வயசுப் பெண் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவளுக்குப் பிறவியிலேயே இடது கைதான் முன்னால் வரும். துணி சுற்றிப் பார்த்தார்கள், மிளகாய் தடவிப் பார்த்தார்கள். கை அழுதுவிட்டு மறுபடியும் முன்னால் வந்தது.

"அவ கைய என்ன பண்ணச் சொல்ற? அறுத்து எறியவா?" என்றான் ஸெலோம்.

"நாளைக்கு ஒரு நாள் தொடைக்கு அடியில வச்சு உக்காரட்டும். எங்கிட்டப் படிக்கிற புள்ள, அதுவும் எம் புள்ளையே, இன்ஸ்பெக்டர் மூஞ்சிக்கு பீச்சாங்கைய நீட்டினா என்ன ஆகும்? வாத்தியார் பயிற்சிப் பள்ளி முடிச்ச ஒருத்தி எம் எடத்துல வந்து உக்காந்துடுவா. நான் சாகுற வரைக்கும் இந்த ஓட்டு முன்னாடி உக்காந்து பொக பிடிச்சுச் சாகணும்." இதற்குள் மரவள்ளி அடிப்பிடித்துவிட்டது.

காலையில் மழை. சாதாரண மழை இல்லை. மலையடிவார மழை, சாலையையே கரைத்துக்கொண்டு ஓடுகிற மழை. இன்ஸ்பெக்டரின் கார் பாலத்துக்கு அப்பால் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒன்பதரைக்கு ஸெலோமின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர் அமெவோர், பிரெஞ்சு மரியாதையில் 'முஸ்யே' அமெவோர். கோட்டு, டை, முழங்கால்வரை செஞ்சேறு. அந்தக் கோலத்திலும் முகவாய் மட்டும் வானத்தைப் பார்த்தது. தலைமையாசிரியர் தோஸே ஓடிப்போய் ஒரு குடையைப் பிடித்தார். குடையில் மூன்று ஓட்டை.

ஸெலோம் மனைவியின் காதருகில் குனிந்தான். "வழி பூரா பிரெஞ்சுதான். நான் நம்ம பாஷையில ஏதாவது கேட்டா, புரியலன்னு கைய விரிக்கிறாரு. கன்னத்தப் பாரு."

கன்னத்தில் சின்னதாக ஒரு கீறல் தழும்பு இருந்தது. வலிப்பு வந்த குழந்தைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் போடுகிற கீறல்.

"பாரீஸ்ல போட்டிருப்பாங்க போல" என்றான் ஸெலோம். "பாலத்துப் பள்ளத்துல வண்டி சறுக்குச்சு பாரு, அப்ப மட்டும் 'ஐயோ ஆத்தாடி'ன்னாரு. பிரெஞ்சுலயும் அப்படித்தான் சொல்வாங்களா?"

"போய்யா" என்று அவனைத் தள்ளிவிட்டு அவள் வகுப்புக்குள் போனாள். ஸெலோம் போகவில்லை, மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் ஜன்னலோரம் நின்றுகொண்டான்.

வருகைப் பதிவு எடுக்கும்போதே சனியன் தொடங்கியது. பேரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று, 'வந்துள்ளேன், அம்மையீர்' என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். தொடைக்கு அடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்த எஸினாம் எழ முடியாமல் தடுமாறி, "இருக்கேன்ம்மா" என்றாள். பக்கத்துப் பெண் சட்டென்று விரலை நீட்டினாள். கழுதைப் பலகை எஸினாமின் கழுத்தில் ஏறியது. அக்பெனேதான் மாட்டினாள். மகளின் முகத்தைப் பார்க்காமல் மாட்டினாள்.

அவள் ஆசிரியையின் மகள் என்று தலைமையாசிரியர் மெல்ல எடுத்துச் சொன்னதும், பின் பெஞ்சில் இருந்த முஸ்யே அமெவோர் முதல் தடவையாக மலர்ந்தார். அவருடைய பிரெஞ்சு, இஸ்திரி போட்ட பிரெஞ்சு. "மிக நன்று, அம்மையீர். தாங்கள் பெற்ற மகளென்றும் பாராது தண்டித்தீர்கள். விதி என்பது அனைவருக்கும் ஒன்றே. சிறியோர் பெரியோர் என்ற பேதம் அதற்கு இல்லை."

தலைமையாசிரியர் அந்த வாக்கியத்தைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பாடம் ஆரம்பித்தது. கூரைத் தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தையும் மீறிப் பிள்ளைகள் கத்தினார்கள். ஒருவன் தொப்பிக்காரர் ஆனான், ஒருத்தி சிறுமி ஆனாள். ரொட்டிக்கடை எங்கே? தூ துருவா! ஐம்பத்துநாலு சோற்றுக்கைகள் மூக்குக்கு நேராக நீண்டன. நகரசபை எங்கே? துருவாத்! கைகள் வலப்பக்கம் போயின. ரயில் நிலையம் எங்கே? கோஷ்! ஐம்பத்துநாலு இடது தோள்களில் பட்டென்று ஒரே அடி. ஒரு பிள்ளைகூடத் தப்பவில்லை. அக்பெனேக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிழைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

"நிறுத்துங்கள்" என்றார் முஸ்யே அமெவோர். "இது என்ன கூத்து? பிள்ளைகள் தோளில் கொசு அடிக்கிறார்களா?"

"ஐயா, இடப்பக்கத்தைக் காட்டுவதற்காக..."

"இடப்பக்கத்தை இடது கையால் அன்றோ காட்ட வேண்டும்? பிள்ளைகளே, அனைவரும் இடது கையை உயர்த்துங்கள்!"

பிள்ளைகள் பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், கோட்டுப் போட்ட பெரியவர், தன் முகத்துக்கு நேராகப் பீச்சாங்கையை நீட்டச் சொல்கிறார். இது ஏதோ சோதனை என்று பிள்ளைகளுக்குப் புரிந்தது. நன்றாக யோசித்து, ஐம்பத்துமூன்று பேரும் சோற்றுக்கையால் இடது தோளில் இன்னும் பலமாக அடித்தார்கள். எஸினாம் மட்டும் அசையவில்லை.

முஸ்யே அமெவோர் பச்சை மைப் பேனாவைத் திறந்தார். எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். "ஒன்பது ஆண்டுகள். மாணவர்களுக்குத் தம் உடம்பில் இடது கை எதுவென்றே தெரியவில்லை."

"ஐயா, அவர்களுக்குத் தெரியும். இவ்வூர் வழக்கப்படி பெரியவர் முன்னிலையில்..."

"வழக்கம் என்பது அறியாமையின் மறுபெயர், அம்மையீர். எனக்கு இவ்வூர் வழக்கம் தெரியாது. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை."

கன்னத்துத் தழும்பு அவர் பேசும்போது ஏறி இறங்கியது. அக்பெனே அதையே பார்த்தாள். இந்த மனிதரின் அம்மா இவரை முதுகில் கட்டிக்கொண்டு, கீறல் போடுகிற கிழவனிடம் எத்தனை மைல் நடந்தாளோ. வழி கேட்டுக் கேட்டுத்தான் போயிருப்பாள். அந்த வழி எதிலும் ரொட்டிக்கடை இருந்திருக்காது.

"நீ, பலகை அணிந்த பெண்ணே" என்று எழுதுவதை நிறுத்தாமல் கூப்பிட்டார். "ரயில் நிலையம் இடப்பக்கம் உள்ளது. கொசு அடிக்காமல், இடது கையால் எனக்குக் காட்டு."

எஸினாம் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் வழி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மெள்ளத் தொடைக்கு அடியிலிருந்து அந்தக் கையை இழுத்தாள். மரத்துப்போய், பெஞ்சுப் பலகையின் கோடு பதிந்து வெளுத்திருந்தது. அதை அவரை நோக்கி நீட்டினாள். நீட்டிய பிறகு பேசாமல் இருக்கிற வளர்ப்பு இல்லை. பலகை ஏற்கெனவே கழுத்தில்தானே இருக்கிறது, இனி என்ன என்று நினைத்தாளோ என்னவோ, வீட்டுப் பாஷையில் கணீரென்று சொன்னாள்.

"பீச்சாங்கைக்குப் பொறுத்துக்கணும் தாத்தா."

"அதுவும் கைதானே தாயி" என்றார் முஸ்யே அமெவோர்.

குனிந்து எழுதிக்கொண்டே சொன்னார். அவ்வளவு பதமாக, வெந்த கிழங்கு மாதிரி, அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர் சொல்கிற அதே இழுவையோடு சொன்னார். பச்சைப் பேனா இரண்டு சொல் எழுதியது. மூன்றாவது சொல்லில் நின்றது.

ஜன்னலில் ஸெலோம் வாயைப் பொத்திக்கொண்டான். எஸினாம் நேர்மையான பிள்ளை. விதி அவளுக்கு மனப்பாடம். வீட்டுப் பாஷையை யார் பேசினாலும் பலகை அவருக்குப் போகும். சற்று முன்னால்தான் இன்ஸ்பெக்டர் ஐயாவே அதைச் சொன்னார். அவள் கயிற்றைத் தலைக்கு மேலே கழற்றினாள்.

"அமர்ந்துகொள்" என்றார் அவர். "நான்... அமர்ந்துகொள் என்கிறேன்."

வாசலில் தோஸே இருமினார். கண்ணாலும் புருவத்தாலும் அக்பெனேக்குச் சாடை காட்டினார்: ஓர் அறை விடு, உட்கார வை, எல்லாம் சரியாகிவிடும். உண்மைதான். பளாரென்று ஓர் அறை. இன்ஸ்பெக்டரின் மானம் தப்பும், நிரந்தர வேலை கிடைக்கும், ஓட்டுப் புகை தீரும். நேற்று களிக்காக அடித்த கைதானே.

எஸினாம் பலகையை ஏந்தியபடி பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நின்றாள். பலகை இறங்கிவிட்டது, இனி பிரெஞ்சுதான் பேச வேண்டும். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு நாற்பத்தாறாம் பக்கம் மட்டும்தான்.

"மன்னிக்கவும், அம்மையீர்" என்று கேட்டாள். "எவ்வழியாகச் செல்ல வேண்டும்?"

ஒன்பது வருஷத்தில் அந்த வாக்கியத்தை அக்பெனே பல்லாயிரம் தடவை கேட்டிருப்பாள். வழி தெரியாமல் ஒரு பிள்ளை நிஜமாகவே கேட்டது அன்றுதான். அவளுக்கு முஸ்யே அமெவோரின் மேல் பயம் போய்விட்டது. பயம் இருந்த இடத்தில் வெறும் இளப்பம் மிஞ்சியது. பெற்ற பாஷை வாயில் வந்ததற்கு, திருட்டுக் கோழியோடு பிடிபட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். அந்த முகத்தில் பாதி தன் முகம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. பலகையைச் செய்தது அவள்தானே.

அக்பெனே தன் இடது கையைத் தோள் உயரத்துக்கு உயர்த்தினாள். விரல்களை விரித்து, இன்ஸ்பெக்டரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"தூ துருவா" என்றாள்.

பொறுத்துக்கணும் என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று ஐம்பத்துநாலு பிள்ளைகளும் காத்திருந்தார்கள். காத்திருந்து பார்த்துவிட்டு, அவள் சொல்லப்போவதில்லை என்று புரிந்ததும், பின்வரிசையில் யாரோ ஒரு பிள்ளை "ஐயய்யோ" என்றது. எஸினாம் நேரே நடந்துபோய்ப் பலகையைக் கொடுத்தாள். முஸ்யே அமெவோர் அதைச் சோற்றுக்கையால் வாங்கிக்கொண்டார். அந்த மரியாதையாவது அவருக்கு மறக்கவில்லை.

அவர் போகும்போது பதற்றத்தில் பலகையையும் கோப்போடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாலம் வரைக்கும் ஸெலோம்தான் கொண்டுபோய் விட்டான். வழியில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம், எந்தப் பாஷையிலும்.

ஆகஸ்டில் அறிக்கை வந்தது. ஒரே வரி: 'ஆசிரியைக்கு வலது இடது தெரியவில்லை.'

புதுப் பருவம் தொடங்கும் முதல் நாள் அக்பெனே சாலையோரத்தில் மரவள்ளி வறுத்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் புகை. அன்றைக்கு மட்டும் இரண்டு தடவை அழுதிருந்தாள். அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை. பலிமே வண்டியிலிருந்து ஒரு சின்னப் பெண் இறங்கினாள். பயிற்சிப் பள்ளி வாசனை போகாத சட்டை, கக்கத்தில் அதே புத்தகம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஓட்டின் எதிரில் வந்து நின்றாள்.

"மன்னிக்கவும், அம்மையீர். தொடக்கப்பள்ளி எங்கே இருக்கிறது?"

நாற்பத்தாறாம் பக்கம், ஒரு எழுத்துப் பிசகவில்லை. அக்பெனே தலைமுதல் கால்வரை அவளைப் பார்த்தாள். தன் இடத்தில் உட்காரப்போகிறவள். கை கிளறுவதை நிறுத்தவில்லை.

"நேரா போ. டோவி வடை சுடுற எடம் வரும். அதத் தாண்டி, இன்ஸ்பெக்டரு கழுதப் பலகை வாங்குன எடம்னு கேளு. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"எந்த இன்ஸ்பெக்டர்?" என்று அந்தப் பெண் இன்னும் பிரெஞ்சிலேயே கேட்டாள்.

"போய்த் தெரிஞ்சுக்க." சோற்றுக்கை ஓட்டில் இருந்தது, எடுத்தால் அடிப்பிடிக்கும். அக்பெனே இடது கையை நீட்டிச் சாலையைக் காட்டினாள். ஒரு கணம் உதட்டைக் கடித்தாள். பிறகு சொன்னாள்: "பீச்சாங்கைக்குப் பொறுத்துக்கணும்."

"அதுவும் கைதானேக்கா" என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகுதான் எந்தப் பாஷையில் சொன்னோம் என்று தெரிந்து புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொழச்சுக்குவ" என்றாள் அக்பெனே. "போ."